சிங்களம் தெரியாத மாஸ்டர்

பிள்ளைகளா, உங்கள் மாமா வரும்போதெல்லாம் ஒரு கேலி செய்வார், நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். "மச்சான் சிலோன்ல அவ்வளவு மாசம் குப்பை கொட்டிட்டு வந்தாரு, சிங்களத்துல ஒரு டீ கேக்கத் தெரியாது" என்பார். நானும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அவர் மேல் தப்பில்லை. என்னை அனுப்பிய கடை முதலாளிக்கு அங்கிருந்து போனில் சொன்னதும் அதுதான். ஆள் நல்ல வேலைக்காரர், மொழிதான் ஏறவில்லை என்று.

நடந்ததை வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே அலுப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் கோத்தகிரிக் கடையில் நான் கொழுந்து வெட்டும் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அட்டன் போகும் ரயில் பாதையில் வட்டவளை என்று ஓர் ஊர். அங்கே ஒரு தோட்டத்துக்கு இரண்டு ஆள் பிடித்து வெட்டும் மெஷின்கள் போயின. கூடவே பழக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "அங்க எல்லாம் நம்ம தமிழ் ஆளுங்கதான், ஒனக்கு என்ன கஷ்டம்" என்றார். என் அப்பா பிறந்தது அந்தப் பக்கம் என்பதால் அவருக்கு அப்படி ஒரு எண்ணம். இங்கே கோத்தகிரியில் இன்றைக்கும் நம்மைச் சிலோன்காரங்க என்பார்கள். அங்கே நான் ரயிலை விட்டு இறங்கிய அன்றே, இந்தியாக்காரர் வந்துட்டார் என்றார்கள். இரண்டு இடத்திலும் நான் மறுத்துப் பேசியதில்லை.

முதலாளி சொன்னதில் பாதிதான் உண்மை. தோட்டத்து வாலிபப் பிள்ளைகள் கடை வேலைக்கும் துணி ஆலைக்கும் கொழும்பு போய்விட்டார்கள். கொழுந்தெடுக்க மிஞ்சியிருந்தது வயதான பெண்கள்தான். அதனால் மெஷின் பிடிக்க, பொல்பிட்டிய, கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆள் எடுத்திருந்தார்கள். அவர்கள் எல்லாம் சிங்களவர்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர்கள். ஆக என் வகுப்பில் பாதிப் பேருக்கு நான் பேசுவது விளங்கும், மீதிப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

வகுப்பு நடந்த இடம் பழைய பிள்ளைக்காம்பரா. மலைக்குப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். புதிதாக ஒன்று கட்டியபின் இது சும்மா கிடந்தது. பெஞ்சுகள் எல்லாம் முழங்கால் உயரம். மீசை வைத்த ஆட்கள் காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் யானை, கிளி, மாம்பழம் வரைந்து கீழே இரண்டு மொழியிலும் பெயர் எழுதியிருந்தது. நான் முதலில் கற்ற சிங்களச் சொல் அந்தச் சுவரில் இருந்ததுதான். அலியா, யானை. மெஷின் பழக்க வந்தவனுக்கு யானையால் என்ன பிரயோசனம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் பேசுவதைச் சிங்களத்தில் சொல்ல ஒரு பெண்ணைக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். சின்ன வயதில் குருநாகல் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்ததால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன். உங்களுக்கு முறைப்படி அத்தை. இனி அத்தை என்றே எழுதுகிறேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். நான் மாஸ்டர் இல்லை, மெக்கானிக் என்று சொல்லிப் பார்த்தேன். "பெஞ்சு இருக்கு, எழுதுற போடு இருக்கு, நீங்க நிக்கிறீங்க, நாங்க ஒக்காந்திருக்கோம். அப்ப மாஸ்டர்தானே" என்றார்.

அத்தையை என்னிடம் ஒப்படைத்த அன்று, வெளிவேலை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அவர் காது கேட்கவே சொன்னார்: "மாஸ்டர் சீக்கிரமா சிங்களம் பழகிக்கிருங்க. பழகிட்டா இவள கொழுந்தெடுக்க மலைக்கே அனுப்பிரலாம். ஆள் பத்தல." அத்தை சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அவருக்கு வலது தோள் செத்துப்போயிருந்தது. ஈரக் கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தூக்கி, கையைக் காதுக்கு மேலே கொண்டுபோக முடியாது. தலைசீவ மகளைக் கூப்பிடுவாராம். என்னோடு நின்று பேசும் வேலை இருக்கும் வரைதான் அந்தத் தோளுக்கு ஓய்வு. இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

மலையில் இறங்கிய முதல் நாளே என் வேலை கெட்டது. மெஷினை வரிசைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் ஆள், பின்னால், வெட்டிய கொழுந்து விழும் பையின் வாலைப் பிடிக்க ஒரு பெண். நேரம் போகிறதே என்று கயிற்றை இழுத்துவிட்டேன். என்ஜின் பிடித்துக்கொண்டு கத்தியது. அத்தனை பெண்களும் தள்ளிப் போய் நின்றுவிட்டார்கள். பையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. கோபமில்லை, சண்டையுமில்லை, சும்மா இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார்கள். சிங்களப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று கை காட்டினார்.

"பொலி சொல்லல மாஸ்டர். பொலி சொல்லாம செடில கை வைக்க மாட்டாங்க. நீங்க கத்தியே வச்சிட்டீங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. என் அம்மாவும் காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும் முன் விளைச்சல் பெருகவேண்டும் என்று "பொலி பொலி" என வாய்க்குள் சொல்வாள். அவளுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டும் பலனில்லை, அந்த வரிசையை விட்டு வேறு வரிசைக்குப் போய்ப் பொலி சொன்னபிறகுதான் கை நகர்ந்தது. மறுநாளிலிருந்து அத்தை ஓர் ஒழுங்கு வைத்தார். மெஷின் பிடிக்கும் இரண்டு பேரும் இரண்டு கையையும் பிடியில் வைக்கவேண்டும், பைக்காரி வாலைப் பிடிக்கவேண்டும், எல்லோரும் சேர்ந்து பொலி சொல்லவேண்டும், அதற்குப் பிறகே கயிறு. கிராமத்துப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்கள்தான் உரக்கச் சொன்னார்கள்.

மற்றபடி அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வட்டவளை மழை நம் ஊர் மழை மாதிரி வந்துவிட்டுப் போகாது. வந்தால் தங்கும். காலுறை காயவே காயாது. மாலையில் அறைக்கு வந்து அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்தால், உங்கள் போன் வந்தாலும் பேசத் தெம்பு இருக்காது. சின்னவள் ஒருநாள் "அப்பா, சிங்களத்துல ஏதாச்சும் சொல்லு" என்று கேட்டாள். யானை என்று சொன்னேன். வேறொன்றும் அன்று வாயில் வரவில்லை. நாள் முழுக்கத் தான் சொல்வது இன்னொருவர் வாய் வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய களைப்பு. கையில் வேலை செய்த களைப்பு சோறு தின்றால் போகும். இது போகாது.

அதனால்தான் சிங்களம் பழகவேண்டும் என்று நானே நினைத்தேன். யாரிடம் கேட்பது? அத்தையிடமே கேட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு மெஷின் பழக்குங்க" என்றார். பெண்களுக்குப் பையின் வால் மட்டும்தான், பிடி ஆண்களுக்கு என்பது அங்கே வழக்கம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. மெஷினை இரண்டு பேர் இடுப்பு உயரத்தில் பிடித்து நடப்பதால் தோளை உயர்த்த வேண்டியதில்லை என்று அவர் கவனித்து வைத்திருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, லயத்து வீட்டுக்குப் போய் உலை வைக்கும் முன்னால், பிள்ளைக்காம்பராப் படியில் கொஞ்ச நேரம். அவர் எனக்குச் சொற்களைச் சொல்வார். பிடியுங்கள், நிறுத்துங்கள், மெதுவாக, கை கவனம். நான் அவருக்கு பிளக்கைக் கழற்றவும், பெட்ரோலில் எண்ணெய் கலக்கவும், கத்தியில் சிக்கிய தண்டைக் கையால் தொடாமல் குச்சியால் எடுக்கவும் காட்டுவேன். நான் சிங்களத்தைச் சொன்னால் அவர் சிரிப்பார். "மாஸ்டர் பேசினா பொலிஸ்காரர் பேசுற மாதிரி இருக்கு, கொஞ்சம் குழைஞ்சு பேசுங்க" என்பார். அவர் மெஷினைத் தூக்கினால் நான் சிரிக்கமாட்டேன். எனக்குப் பயம்.

மெல்ல மெல்ல எனக்கு ஒன்று விளங்க ஆரம்பித்தது. நான் வகுப்பில் இரண்டு வாக்கியம் சொன்னால் அத்தை பத்து வாக்கியம் சொல்வார். சிங்களம் நீளமான மொழி போல என்று அதுவரை நினைத்திருந்தேன். காது திறந்தபிறகுதான் தெரிந்தது, அத்தை நான் சொன்னதைச் சொல்லவே இல்லை. எதிரில் இருப்பவர் பிடிக்கும் முன் கயிற்றை இழுக்கக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் சொன்னது: இந்த ஐயாவுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், தூக்கிக் கொஞ்ச அவருக்குக் கை வேண்டும், அதனால் இவ்வளவு பயப்படுகிறார், உங்கள் வீட்டில் யாருக்கு உங்கள் கை வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். ஒரு பையன் அம்மா என்றான். இன்னொருவன் கட்டப்போகிற பெண்ணின் பெயரைச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நானும் முன்பெல்லாம் காரணம் தெரியாமல் சிரித்திருக்கிறேன்.

எல்லாமே அப்படி இல்லை. எண்ணெய்க் கலவை அளவை நான் மூச்சுப் பிடித்து விளக்கியபோது, அது நீளமான கதை, ஐயாவே கலந்து தருவார், நாம் தேத்தண்ணி குடிக்கப் போகலாம் என்று சொல்லி முடித்துவிட்டார். அன்று மாலை படியில் அதைக் கேட்டேன்.

"தங்கச்சி, எண்ணெய் அளவ நீங்க சொல்லவே இல்லையே. தேத்தண்ணின்னுதானே சொன்னீங்க."

அவர் கையில் பிளக் இருந்தது. அதைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"எல்லாம் வெளங்குதா ஒங்களுக்கு?"

"முக்காவாசி."

"அப்ப நான் மலைக்குத்தான்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, குறை சொல்லவுமில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டினார். படியை விட்டு இறங்கும்போது திரும்பி, "நாளைக்கும் பாடம் இருக்குத்தானே மாஸ்டர்" என்று கேட்டார். மறுநாளும் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மறுநாளும். ஒரு சொல்லைக்கூட மறைத்துவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சொற்களை மற்றவர்கள் பேசும்போது சரிபார்த்திருக்கிறேன். எண்ணெய் அளவையும் அடுத்த வகுப்பிலேயே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று பிறகு ஒருநாள் சொன்னார்கள். வகுப்பையும் மலை வேலையையும் பார்ப்பாராம். நான் தனியாகவே சிங்களத்தில் பழக்குவேன் என்றால், இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் என்னையே இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம். கண்டாக்கையா இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். இன்னும் ஒரு வருடம் என்று கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தது காயாத காலுறைதான். ஆனாலும் பெருமையாக இருந்தது. பத்தாவது படித்தவனை ஒரு நாடு மாஸ்டராக வைத்துக்கொள்ளப் பார்க்கிறதே என்று. அன்றைக்கு அறையில் உட்கார்ந்து, சொல்லவேண்டிய வாக்கியங்களை எல்லாம் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தடுக்கவில்லை.

அதிகாரி வந்த அன்று நல்லவேளையாகத் தூறல்தான். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையும் கூட நின்றார். வரிசையில் மெஷின் தயாராக இருந்தது. அத்தை வாலைப் பிடிக்கும் இடத்தில் நின்றார். அன்று அவரைப் பேசக் கூப்பிடவில்லை. தலையில் துண்டைப் புதிதாகக் கட்டியிருந்தார். அதைக் கட்ட அவர் மகள் வந்திருப்பாள் என்று என் மனதில் ஓடியது.

"மாஸ்டர், நீங்களே சிங்களத்துல நடத்துங்க. ஐயா பாக்கட்டும்" என்றார் கண்டாக்கையா.

முதல் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தென்னம அல்லகன்ன. இரண்டு பேரும் பிடியுங்கள். பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தளவுக்கு வராதுங்க ஐயா" என்று தமிழில் சொன்னேன். "தங்கச்சி வந்து சொன்னாத்தான் இவங்களுக்கு வெளங்கும்."

கண்டாக்கையாவின் முகம் சுருங்கியது. நான் படியில் உட்கார்ந்து பழகுவதை அவரே பார்த்திருக்கிறார். அத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

நான் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் பத்து சொன்னார். பொலி சொன்னார்கள், மெஷின் போனது. நடு வரிசையில் ஈரத் தண்டு சிக்கி என்ஜின் திணறியது. முன்னால் நின்ற பையன் பதற்றத்தில் கையை நீட்டிவிட்டான். நான் வாயைத் திறக்கும் முன், அத்தை "நவத்தன்ன" என்று ஒரே சொல்லில் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார், குச்சியை எடுத்துச் சிக்கலை நீக்கினார், எல்லோரையும் பழைய இடத்துக்கு அனுப்பினார், திரும்பவும் பொலி, அப்புறம்தான் கயிறு. அதிகாரி அது என்ன பாட்டு என்று கேட்டார். பாட்டில்லை, எல்லார் கையும் பிடியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழி என்று சிங்களத்தில் சொன்னார் அத்தை. அதிகாரி சிரித்துவிட்டு, நீங்களே பிடித்துக் காட்டுங்கள் என்றார். அத்தை ஒரு பக்கப் பிடியைப் பிடித்து வரிசை முடியும் வரை நடந்தார். அவர் தோளைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.

முடிந்ததும் அதிகாரி துரையிடம் என் முன்னாலேயே சிங்களத்தில் பேசினார். இவ்வளவு நாள் இருந்தும் இந்த ஆளுக்கு ஒன்றும் ஏறவில்லை. எல்லா வேலையையும் அந்தப் பெண்தான் செய்கிறாள். இரண்டு பேர் எதற்கு? அவளைப் பழக்குகிறவளாக வைத்துக்கொள்ளுங்கள், இவரை இந்த மாத முடிவில் அனுப்பிவிடுங்கள். ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நல்லவேளை, கணுக்காலில் ஓர் அட்டை இருந்தது. குனிந்து அதைப் பிய்த்தெடுத்தேன், எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம்.

நிமிர்ந்தபோது அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, வேலை முடிந்தது, போகலாம் என்று இவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார் அத்தையிடம். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், ஐயா சொல்றாரு, நீங்க ரொம்ப நல்லா பழக்கிக் குடுத்திருக்கீங்களாம். இப்படி ஒரு ஆள அவரு பாத்ததில்லையாம். ஊருல பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க, சந்தோசமா போய்ட்டு வாங்கன்னு சொல்றாரு."

அவர் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு விளங்கியது அவருக்குத் தெரியும்.

"நன்றின்னு சொல்லிருங்க தங்கச்சி."

அவர் அதிகாரியிடம் சொன்னது ஒரு நன்றி மட்டும் இல்லை. இவருக்கு நம் பாஷை பேச வராது, ஆனால் நாங்கள் சொல்வதெல்லாம் இவருக்கு விளங்கும், அதனால்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். கண்டாக்கையா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜீப்புக்குப் பின்னால் போனார்.

எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போனபிறகு நான் மெஷினைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தேன். அந்த ஒரு மெஷினைக் கழுவிக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. கட்டிவைக்கும் முன் டாங்கியில் மிஞ்சிய பெட்ரோலை ஓடவிட்டுத் தீர்க்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிசின் பிடிக்கும். இரண்டு சின்ன பெஞ்சுகளைச் சேர்த்து அதன்மேல் மெஷினை வைத்தேன். எதிர்ப் பிடியில் ஆளில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பொலி பொலி என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

அந்தச் சின்ன அறையில் சத்தம் காதை அடைத்தது. பக்கத்தில் ஆள் நின்றாலும் என் குரல் கேட்காது. யானைக்கும் கிளிக்கும் நேராக நின்று, காலையில் விழுங்கிய வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன். தென்னம அல்லகன்ன. பாடம் முழுவதையும், எண்ணெய் அளவு உட்பட, சிங்களத்தில் சொன்னேன், குழைந்துதான் சொன்னேன். உங்கள் வீட்டில் யாருக்கு உங்கள் கை வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றது. என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. குரலைத் தாழ்த்தி மீதியைச் சொல்லி முடித்துவிட்டு, கத்திக்கு எண்ணெய் விட்டுச் சாக்கால் மூடினேன்.